பால்கனித் தோட்டம்: முதலில் வெயிலைப் பாருங்கள்

தொட்டி வாங்கக் கிளம்பும் முன் ஒரு விடுமுறை நாளில் பால்கனியில் வெயில் எப்போது வருகிறது, எந்த மூலை வரை போகிறது என்று கவனித்துச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். எங்கள் சென்னை வீட்டில் கிழக்குப் பார்த்த பால்கனி. பதினொரு மணிக்கு மேல் நிழல்தான். அதனால் தக்காளி, கத்தரிக்கு ஆசைப்படுவதில்லை. அவற்றுக்கு 6 மணி நேர நேரடி வெயிலாவது வேண்டும். கீரை, புதினா, கற்பூரவல்லிக்குக் காலை வெயிலே போதும்.

மண் கலவையில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வெறும் செம்மண் நிரப்பினால் இறுகிப்போகும், பாரமும் அதிகம். செம்மண், தேங்காய்நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, மேலே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள். அதிலுள்ள உப்பு இளம் வேரைக் கருக்கிவிடும். கலவையை உள்ளங்கையில் பிடித்தால் உருண்டையாக வரவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். அதுதான் பதம்.

கீரைக்கு 6 அங்குல ஆழமுள்ள அகலத் தொட்டி, மிளகாய்க்கு 12 அங்குலப் பை. அடியில் துளை கட்டாயம். அதன் கீழே தட்டும் கட்டாயம், கீழ்வீட்டு அக்கா துணி காயப்போட்டிருப்பார். கனமான தொட்டிகளைச் சுவரோரம் வையுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் எதையும் வைக்காதீர்கள், ஐப்பசிக் காற்று தள்ளிவிடும்.

புதினாவுக்கு விதை வேண்டாம். சமையலுக்கு வாங்கிய புதினாக் கட்டின் இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டை ஊன்றினால் தளிர்த்துவிடும்.