தீம் பார்க் போகலாமா: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

டிக்கெட் விலையை மட்டும் பார்த்து "ஐயோ, இவ்வளவா" என்று விடுகிறவர்களும் தவறுகிறார்கள், "வருஷத்துக்கு ஒரு தடவைதானே" என்று மே மாத ஞாயிற்றுக்கிழமையில் கிளம்புகிறவர்களும் தவறுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு ஆள் ஒரு ரைடு ஏற எவ்வளவு ஆகிறது? அந்தத் தொகை டிக்கெட்டில் அச்சிட்டிருக்காது. நீங்கள் போகும் நாளும் பிள்ளைகளின் உயரமும்தான் அதைத் தீர்மானிக்கும்.

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியவை கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அதை ஒட்டியும் இருக்கின்றன. முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்ட், ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. புதுச்சேரியிலிருந்து முட்டுக்காடும் இள்ளலூரும் ஏறத்தாழ 120 கி.மீ. கடலூர்க்காரர்கள் இன்னொரு 25 கி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். பூந்தமல்லி பக்கம் இருக்கும் குயீன்ஸ்லேண்டுக்குப் போனால் சென்னை நெரிசலிலேயே காலை கரைந்துவிடும். தங்கும் திட்டம் இல்லாதவர்களுக்கு அது வேண்டாம்.

முதலில் சுவரில் ஒரு கோடு

டிக்கெட் வாங்கும் முன் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் சுவரோடு நிற்கவைத்து அளந்துகொள்ளுங்கள். நம் பக்கத்துப் பெரிய பூங்காக்கள் பலவற்றில் குழந்தை டிக்கெட்டுக்கு வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தைக் கட்டணம், அதற்கு மேல் முழுக் கட்டணம். இன்னொரு பக்கம், வேகமான ரைடுகள் பெரும்பாலும் 120 அல்லது 140 செ.மீ. கேட்கின்றன. தோளிலும் மடியிலும் வந்து அழுத்தும் கம்பி ஓரளவு வளர்ந்த உடலுக்குத்தான் சரியாகப் பூட்டும். அதனால் 118 செ.மீ. பிள்ளையை வாசலில் நிற்பவர் திருப்பி அனுப்பினால் அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவும் உதவாது, பல இடங்களில் கழற்றச் சொல்லித்தான் அளக்கிறார்கள்.

இந்த இரண்டு அளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். 120-க்கும் 140-க்கும் நடுவே இருக்கும் பிள்ளை கொடுப்பது குழந்தைக் கட்டணம், ஏறுவதோ பாதிக்கு மேற்பட்ட ரைடுகள். பள்ளி வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். ஆக அந்த வாய்ப்பு சுமார் மூன்றரை ஆண்டு திறந்திருக்கும். 105 செ.மீ. பிள்ளையை அழைத்துக்கொண்டு போனால் அது நாள் முழுக்கக் குட்டி ரயிலிலும் முழங்கால் ஆழத் தண்ணீரிலும்தான் இருக்கும். அந்தச் சந்தோஷத்துக்கு சில்வர் பீச் போதும். மூத்தவன் 135, இளையவள் 112 என்றால் ஓராண்டுக்கு மேல் பொறுக்க வேண்டியிருக்கும். அதற்குள் மூத்தவன் 140-ஐத் தாண்டி அவனுக்கு மட்டும் முழுக் கட்டணம் ஆகலாம். பரவாயில்லை, தங்கை கீழே நின்று அழுவதை விட அது மலிவு.

பாட்டியை அழைத்துப் போவது பாசம்தான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து பையைக் காக்கவும் முழு டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். மூத்த குடிமக்கள் சலுகை உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் "நான் வரலைப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்பதுதான் பதிலாக இருக்கும்.

கணக்குப் போடும் முறை

கடலூரிலிருந்து காரில் நால்வர்: பெரியவர்கள் இருவர், குழந்தைக் கட்டணத்தில் பிள்ளைகள் இருவர். கீழே உள்ளவை மாதிரி விலைகள்தான், நீங்கள் போகும் தேதியின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முழு டிக்கெட் ₹1,500 × 2, குழந்தை டிக்கெட் ₹1,200 × 2, ஆக ₹5,400. போக வர 290 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் வண்டி என்றால் 19 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், சுமார் ₹1,950. சுங்கம், வண்டி நிறுத்தம் ₹400. சாப்பாடு, நொறுக்கு ₹1,800. லாக்கர், நீச்சல் உடை ₹600. மொத்தம் ₹10,150. தலைக்கு ஏறத்தாழ ₹2,540.

அடுத்து நேரம். காலை 11 முதல் மாலை 6 வரை ஏழு மணி நேரம். சாப்பாட்டுக்கு முக்கால் மணி, உடை மாற்ற முக்கால் மணி போனால் மீதி 330 நிமிடம். கூட்டமான நாளில் ஒரு ரைடுக்கு வரிசையும் நடையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும்: ஐந்து ரைடு, ஒன்றுக்கு ₹508. ஆள் குறைந்த வேலைநாளில் 20 நிமிடம்: 16 ரைடு, ஒன்றுக்கு ₹159. அதே பூங்கா, அதே கார், அதே புளிசாதம்.

விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போகும் என்றால் அதையும் சேருங்கள். ₹1,000 போனாலும் வேலைநாளில் ரைடுக்கு ₹174 தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை போய் மிச்சப்படுத்தியதாக நினைக்கும் அந்தக் கூலி வரிசையில் நின்றே கரைகிறது.

எது கட்டுப்படியாகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு ஒரு சுற்றுக்கு என்ன கொடுத்தீர்கள்? தீம் பார்க் ரைடு அதைப்போல இரண்டு மடங்குக்குள் வந்தால் போகலாம். நான்கைந்து மடங்கு என்றால் அந்த ஆண்டு வேண்டாம்.

வரிசை வேண்டாம் என்பவர்களுக்குத் தனிக் கட்டணத்தில் விரைவு டிக்கெட் உண்டு. மாதிரிக்குத் தலைக்கு ₹1,000 கூடுதல் என்று வையுங்கள். ஐந்து ரைடு பத்தாகும், ஒன்றுக்கு ₹354. ஞாயிறுதான் முடியும் என்கிறவர்களுக்கு அது லாபம், ஆனால் சாதாரண வேலைநாளோடு போட்டி போடாது. வேலைநாளில் அதை வாங்குவது வீண். கூட்டத்தையே தனியாக விலைபேசும் இந்த வழக்கம் உலகம் முழுக்க வந்துவிட்டது. புளோரிடா டிஸ்னியில் 1971-ல் பெரியவர் நுழைவு மூன்றரை டாலர், ரைடுகளுக்குத் தனிச் சீட்டு. 1999-ல் வரிசையைத் தவிர்க்கும் வசதியை இலவசமாகத் தந்தார்கள், 2021 முதல் அதற்குக் காசு. 2018 முதல் தேதிக்குத் தேதி நுழைவு விலையும் மாறுகிறது. நம்மூரில் வார இறுதி விலை, வேலைநாள் விலை என்று பிரித்திருப்பதும் இதே யோசனைதான். வரியைக் கேட்டால், 2017-ல் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2018 ஜனவரியில் 18 ஆனது. இணையத்தில் பதியும்போது காட்டும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

எந்த நாள்

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு, சென்னைக்காரர்களுக்கு இல்லாதது. புதுச்சேரிக்கு நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள். இரண்டும் அங்கே அரசு விடுமுறை, தமிழ்நாட்டில் சாதாரண நாள். 2026-ல் இரண்டுமே ஞாயிறாகப் போய்விட்டன. 2027-ல் இரண்டும் திங்கள். அவற்றில் ஆகஸ்ட் 16-ஐ எடுங்கள். நவம்பர் 1 வடகிழக்குப் பருவமழைக்குள் வருகிறது.

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம் நடராசர் கோயில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். சென்னை, செங்கல்பட்டுப் பள்ளிகள் அன்றைக்கு நடக்கும். ஆருத்ரா அரையாண்டு விடுமுறையோடு ஒட்டி வரக்கூடும், மழையும் ஓய்ந்திருக்காது. ஆனித் திருமஞ்சனம் பள்ளி திறந்த சூட்டில் வருவதால் பூங்காவில் ஆளே குறைவு. ஈடுசெய் வேலைநாளாக ஒரு சனிக்கிழமையை அறிவிப்பார்கள், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தரிசனத்துக்குப் போகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை: காணும் பொங்கலும் அதை ஒட்டிய நாட்களும், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, காலாண்டு விடுமுறை, மே முழுக்க. அக்னி நட்சத்திரத்தில் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நடப்பது தண்டனை. அக்டோபர் பாதி முதல் டிசம்பர் பாதி வரை மழை மட்டுமல்ல பிரச்சினை. இடி, மின்னல், பலத்த காற்று என்றால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், உள்ளே போனபின் பணம் திரும்பாது. புயல் எச்சரிக்கைக் காலத்தில் தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டாக இருந்தால் மட்டும் முன்பதிவு செய்யுங்கள்.

முந்தைய நாள்

தண்ணீர் ரைடுகளுக்கு நைலான், பாலியெஸ்டர் உடைதான் விடுவார்கள். பருத்தி நனைந்தால் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், சாயமும் போகும். உடை இல்லாமல் போனால் அங்கேயே வாடகைக்கோ விலைக்கோ எடுக்க வேண்டும், அது இரண்டு மடங்கு. புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலோ பாலியெஸ்டர் டி-ஷர்ட், ஷார்ட்ஸ் வாங்கிவிடுங்கள். பெண்களுக்கு லெக்கின்ஸ் வாங்கும்போது துணியின் சீட்டைப் பாருங்கள், பெரும்பாலானவை பருத்திக் கலப்பு. புடவை, துப்பட்டா, நீண்ட சங்கிலி எந்த ரைடிலும் ஆபத்து.

பையில் ஆளுக்கு ஒரு துண்டு, ஈரத்துணிக்கு இரண்டு பெரிய பிளாஸ்டிக் பை, ரப்பர் செருப்பு, மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் கயிறு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு. வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், கைக்குழந்தை உணவும் மருந்தும் விதிவிலக்கு. அதனால் காலைச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டி, மரக்காணம் தாண்டி எங்காவது நிறுத்தி முடித்துவிடுங்கள். ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடுவார்களா என்று வாசலிலேயே கேளுங்கள். விட்டால் மதியப் புளிசாதமும் காரில் காத்திருக்கலாம்.

பெட்ரோல் புதுச்சேரியில் குறைவு என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கன்னியக்கோயில் பக்கம் நிரப்பிக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்குக் கடலூரைத் தாண்டினால்தான் அவசரமில்லாமல் போகலாம். மாமல்லபுரம் - புதுச்சேரி சாலையில் நான்குவழி வேலை நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதை நேரத்தைத் தின்னும்.

உள்ளே போனதும்

எல்லோரும் வாசலுக்கு அருகில் இருக்கும் முதல் ரைடில் வரிசை கட்டுவார்கள். நீங்கள் நேராகக் கடைசி மூலைக்குப் போய் அங்கிருந்து திரும்பி வாருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய ரோலர் கோஸ்டரையும் அடுத்த பெரிய ரைடையும் முடித்துவிட வேண்டும். உலர் ரைடுகள் முதலில், தண்ணீர் பிறகு. வரிசையை மாற்றினால் குடும்பமே இருமுறை உடை மாற்ற வேண்டிவரும், அதிலேயே இரண்டு ரைடு போகும்.

வரிசையில் நிற்கலாமா என்று தயங்கினால் ஒரு சின்னக் கணக்கு. ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், ஏறி இறங்கி அடுத்தவர் ஏற எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 24 பேர், 4 நிமிடம் என்றால் மணிக்கு 360 பேர். முன்னால் 180 தலை தெரிந்தால் அரை மணி நேரம். பலகையில் போட்டிருக்கும் நேரத்தை விட இது நம்பகமானது.

சாப்பாடு 12 மணிக்கோ இரண்டரைக்கோ. ஒரு மணிக்குப் போனால் உணவகத்தில் வரிசை, ரைடில் காலி. பிரியாணி சாப்பிட்ட கையோடு சுழலும் ரைடில் ஏறாதீர்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் கூட்டம் உடை மாற்றும் அறைக்குப் போய்விடும். அப்போது பெரிய ரைடை இரண்டாம் முறை ஏறலாம். இதயக் கோளாறு, முதுகுவலி, கர்ப்பம் என்றால் வேகமானவை கிட்டப் போகாதீர்கள். கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறுவது அதைத் தானம் கொடுப்பதற்குச் சமம்.

வெளிநாட்டுப் பூங்கா

சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்காக மட்டும் நால்வர் விமானம் ஏறுவது நம் கணக்கில் நிற்காது. நுழைவுச் சீட்டு மொத்தச் செலவில் சிறு பங்குதான், விமானமும் தங்குமிடமும்தான் பெரும்பங்கு. அங்கே உறவினர் வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்றால் கதையே வேறு, ஒரு வேலைநாளை அதற்கு ஒதுக்கலாம். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பாரிசில் சித்தப்பாவோ அத்தையோ இருப்பார். 1992-ல் திறந்த டிஸ்னிலேண்ட் பாரிசுக்கு ஆர்.இ.ஆர். ஏ ரயிலின் கடைசி நிறுத்தமே வாசல், டாக்சி வேண்டாம். அங்கே கட்டணம் வயதுப்படி, 3 வயதுக்குள் இலவசம், 3 முதல் 11 வரை குழந்தைக் கட்டணம். பிள்ளைக்கு 12 வயது ஆகும் முன் போகும் பயணத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றுலா நிறுவனப் பேக்கேஜில் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

திரும்பும் வழி

ஓட்டுநர் தண்ணீரில் ஊறியபின் 145 கி.மீ. ஓட்ட வேண்டும். அவர் ஐந்து மணிக்கே கரையேறி, உடை மாற்றி, அரை மணி நேரம் கண்ணை மூடட்டும். இரவில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலையில் மாடு படுத்திருக்கும், தடுப்பு இல்லாத பகுதிகளில் எதிர்வண்டி விளக்கு கண்ணைக் கூசும். பேருந்தில் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழி வண்டியா என்று கேட்டு ஏறுங்கள். திரும்பும்போது வழியில் ஏறினால் ஞாயிறு மாலை உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். ஈரத்துணிப் பையை வீட்டுக்கு வந்த இரவே அவிழ்த்துவிடுங்கள், காலைவரை விட்டால் நாற்றம் இரண்டு துவைப்புக்கும் போகாது.