லாரிக்கு ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் வாங்கிய கதை

போன ஐப்பசி மழையில் கங்கைகொண்டான் பக்கம் வண்டியை ஓரம் கட்டி, கேபின் லைட்டை அணைக்காமலே தூங்கிவிட்டேன். விடியக்காலை சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' மட்டும்தான். பின்னால் வந்த லாரிக்கார அண்ணாச்சி உதவிக்கு நிறுத்தினார், ஆனால் என்னிடம் இருந்த கேபிளை அவர் பேட்டரிக்கும் என் பேட்டரிக்கும் இடையில் மாட்டியும் ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை, வயர்தான் கை வைக்க முடியாமல் கொதித்தது. "தம்பி, இது காருக்கு உள்ள வயருல்லா" என்றார்.

வீட்டில் அதை அறுத்துப் பார்த்தேன். வெளியே பெருவிரல் தடிமனுக்கு ரப்பர், உள்ளே பென்சில் குச்சி அளவு கம்பி, அதுவும் செம்பு முலாம் பூசின அலுமினியம். வயிறு எரிந்தது.

இப்போது வைத்திருப்பது 50 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள சுத்தச் செம்பு கேபிள், 5 மீட்டர். நீளம் கூடினால் வோல்ட் இறங்கும், குறைந்தால் அடுத்த வண்டிக்கு எட்டாது.

ராத்திரியில் தனியாகப் போகிறவர்களுக்கு லித்தியம் பெட்டி, அதாவது இன்னொரு வண்டி இல்லாமலே ஸ்டார்ட் செய்ய உதவும் கையடக்க பேட்டரி, நல்லதுதான். ஆனால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட். நம்ம லாரியில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட். அதனால் 24 என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள், சித்திரை வெயிலில் பூட்டின கேபினுக்குள் விடாதீர்கள். கார் பேட்டரியில் இருந்தும் லாரிக்கு இழுக்கக் கூடாது.

அப்புறம், கடைசி நெகட்டிவ் கிளிப்பை நின்றுபோன வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி அதன் இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரி விடும் ஹைட்ரஜன் வெடிக்க ஒரு பொறி போதும். போன மாசம் வள்ளியூரில் நின்ற ஒரு வண்டிக்கு அப்படித்தான் மாட்டினேன், முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது.