கேட்டி டிரெயில்: சமதளம்தானே என்று ஏமாறாதீர்கள்

மவுண்டன் பைக் வைத்திருப்பவர்களிடம் கேட்டி டிரெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிப்பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். "அது சமதளமாச்சே, அதில் ஓட்ட என்ன இருக்கு?" நானும் அப்படிச் சொன்னவன்தான். முதல் நாள் 45 மைல் ஓட்டிவிட்டு, இரவு தங்கும் வீட்டு வாசலில் மூன்று படி ஏற முடியாமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றோடு அந்தப் பேச்சை விட்டாயிற்று.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மேற்கே கிளின்டன் ஊரிலிருந்து கிழக்கே செயின்ட் சார்ல்ஸைத் தாண்டிச் சற்றுத் தூரம் வரை, ஏறத்தாழ 240 மைல் (386 கி.மீ.) நீளும் சைக்கிள் பாதை இது; மாநிலப் பூங்காவும்கூட. மிசூரி-கான்சாஸ்-டெக்சாஸ் ரயில்வே என்ற பெயர் எம்.கே.டி. என்று சுருங்கி, அதிலிருந்து கே.டி., பிறகு ஆசையாகக் 'கேட்டி' ஆனது. 1986இல் இந்தத் தடத்தில் ரயில் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, பொடித்த சுண்ணாம்புக்கல்லைக் கொட்டி இறுக்கி, 1990இல் ரோச்போர்ட் ஊரில் முதல் துண்டைத் திறந்தார்கள்.

ரயிலுக்குப் போட்ட பாதை என்பதால் செங்குத்தான ஏற்றம் என்று எதுவும் கிடையாது. எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். மலைப்பாதையில் ஏறும்போது உயிர் போகும், சரி. ஆனால் இறங்கும்போது பெடலை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கலாம், கால் ஆறும், இடுப்பு ஆறும். கேட்டியில் அந்த இறக்கமே இல்லை. காலை ஏழு மணிக்குச் சுற்ற ஆரம்பித்த பெடலை மாலை வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்காக, ஒரே சீட்டில், ஒரே கோணத்தில். மலையில் ஒரு நாளைக்கு 25 மைல் ஓட்டுகிறவர், இங்கே தாராளமாக 70 ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு விடுதியைப் பதிந்துவிடுகிறார். முதல் தடவை போகிறவர் 35, 40 மைலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் வெட்கத்தை விட்டுப் பேசலாம். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை வாங்கி, அதற்குள்ளே வழக்கமான ஜட்டியும் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. ஜட்டியின் தையல் இரண்டு மணி நேரத்தில் தோலைச் சிராய்த்துவிடும். மறுநாள் உட்காரவே முடியாது. அந்தக் கால்சட்டையை வெறும் உடம்பில்தான் போட வேண்டும். அடுத்தது கை. மவுண்டன் பைக்கின் ஹாண்டில்பார் நேர்க்கம்பி. பிடிக்க ஒரே இடம்தான். மூன்றாவது மணியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். நுனியில் கொம்பு மாதிரி இரண்டு பிடிகளைப் பொருத்திக்கொண்டால், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையை மாற்றிப் பிடிக்கலாம். குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பான சஸ்பென்ஷனை அசையாமல் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கவே போகும்.

எந்த டயர் என்று கேட்டால், பெரிய முள் டயர் வேண்டாம், சாலை சைக்கிளின் ஒல்லி டயரும் வேண்டாம். ஒல்லி டயர் மழைக்குப் பிறகு அப்படியே புதையும். 40 மில்லிமீட்டர் அகலம் போதும். வழவழப்பான நடுப்பகுதி உள்ள இரண்டு அங்குல டயரும் சுகமாக ஓடும். செயினுக்கு எண்ணெய் விடுவதிலும் தாராளம் வேண்டாம். சுண்ணாம்புத் தூள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு செயினை அரைத்து எடுத்துவிடும். நனைந்த பாதையில் மட்கார்ட் இல்லாமல் போனீர்களானால், முதுகில் வெள்ளைக் கோடு போட்டதுபோல் அப்பிக்கொள்ளும். அது வெறும் சேறில்லை, காய்ந்தால் சிமெண்ட். பிரேக்கிலிருந்து அதைச் சுரண்டி எடுக்க ஒரு மாலைப்பொழுது ஆனது எனக்கு.

ஆற்றோரம் என்று கேள்விப்பட்டு கிளின்டனில் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அங்கே ஆறே கிடையாது. கிளின்டனிலிருந்து பூன்வில் வரை 70 மைலுக்கு மேல் புல்வெளியும் வயலும்தான், அதுவும் லேசாக ஏறி இறங்கிக்கொண்டு. வின்சருக்கும் கிரீன் ரிட்ஜுக்கும் நடுவே 955 அடிதான் மொத்தப் பாதையிலும் உயரமான இடம். பூன்வில்லுக்கு வந்த பிறகே மிசூரி ஆறு கூட வருகிறது. அப்புறமும் எப்போதும் கண்ணில் படாது. மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், சோள வயலுக்கு அப்பால் போய்விடும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மேற்குப் பகுதியை விட்டுவிட்டு ரோச்போர்ட்டுக்குப் போங்கள். அங்கிருந்து கிழக்கே பத்துப் பதினைந்து மைல், ஒரு பக்கம் செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் காலடியில் ஆறு. 1804இல் அமெரிக்காவின் மேற்கை ஆராயக் கிளம்பிய லூயிஸும் கிளார்க்கும் படகில் எதிர்நீச்சல் போட்டுப் போனது இதே ஆற்றில்தான்.

மைல்கற்களில் ஒரு குழப்பம் உண்டு. அவை பழைய ரயில்வேயின் எண்கள். பாதை தொடங்கும் இடத்தில் பூஜ்யம் இருக்காது. செயின்ட் சார்ல்ஸே 39க்கும் 40க்கும் நடுவில் வருகிறது. மேற்கே போகப் போக எண் ஏறும்: டிஃபயன்ஸ் 59, ரோச்போர்ட் 178, கிளின்டன் 264. செயின்ட் சார்ல்ஸில் கிளம்பிய நண்பர் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு போன் போட்டு "59இல் நிற்கிறேன்" என்று சொல்ல, அவர் மனைவி 59 மைல் ஓட்டிவிட்டார் என்று நினைத்து எங்கள் எல்லாரிடமும் பெருமையடித்துவிட்டார். மனிதர் ஓட்டியது இருபது மைல்.

இதைவிடக் கெடுதல், வரைபடத்தில் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் அங்கே சாப்பாடு இருக்கும் என்று நம்புவது. ஹெர்மன், வாஷிங்டன் (தலைநகரம் இல்லை, மிசூரியில் உள்ள ஊர்), ஜெஃபர்சன் சிட்டி மூன்றும் நல்ல ஊர்கள், ஆனால் மூன்றும் ஆற்றுக்கு அக்கரையில். ஹெர்மனுக்குப் போக மெக்கிட்ரிக்கில் பாதையை விட்டு இறங்கிப் பாலம் தாண்ட வேண்டும். போக, வர அந்த மைல்களையும் நாள் கணக்கில் சேர்க்க வேண்டும். இக்கரையில் பல ஊர்கள் நாலு வீடும் ஒரு தானியக் கிடங்குமாக நிற்பவை. இருக்கிற ஒன்றிரண்டு கடைகளும் திங்கள், செவ்வாயில் மூடியிருக்கலாம். பாதையில் ஏறும் எல்லா இடங்களிலும் குடிநீர்க் குழாய் கிடையாது. இருக்கிற குழாய்களையும் குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள். நான் ஒரு செவ்வாய்க்கிழமை கடைவாசலில் 'மூடியுள்ளது' பலகையைப் பார்த்தபடி, பையில் மிச்சமிருந்த இரண்டு கடலை மிட்டாயைக் கால்மணி நேரம் கடித்துத் தின்றேன். அதற்குப் பிறகு மூன்று லிட்டர் தண்ணீர் இல்லாமல் கிளம்புவதில்லை. "நம்ம ஊர் வெயிலைப் பார்க்காததா" என்ற வீறாப்பும் வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் ஆற்றுப்பள்ளத்தின் புழுக்கம் சென்னையை நினைவுபடுத்தும்; அதில் நாள் முழுக்க மிதிக்க வேண்டும்.

மேற்கிலிருந்து கிழக்கே போ, காற்று முதுகில் தள்ளும் என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் கோடையில் தெற்குக் காற்றும் பலமாக வீசும், திறந்த வயல்வெளியில் அதற்குத் தடுப்பு எதுவும் இல்லை. கிளம்பும் முன்தினம் காற்றின் திசையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கூடவே பாதை திறந்திருக்கிறதா என்று மாநிலப் பூங்காத் துறையின் அறிவிப்பையும் பாருங்கள். ஆற்றோரப் பாதைக்கு வெள்ளம் உறவுக்காரன். 1993 பெருவெள்ளத்தில், அதுவரை அமைத்திருந்த பாதையில் பாதிக்கு மேல் சேதமானது. மழை விட்ட மறுநாள் மரப்பலகைப் பாலங்களில் வழுக்கும்; அங்கே ஹாண்டிலைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராகப் போய்விட வேண்டும்.

பாதை பூங்காவுக்குச் சொந்தம். இரண்டு பக்கமும் இருப்பது பெரும்பாலும் தனியார் நிலம். ரயில் தடத்தைப் பாதையாக்கியபோது, ரயில் போனால் நிலம் எங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று நில உரிமையாளர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். அந்தக் கசப்பு தெரியாமல் வயலுக்குள் சைக்கிளை இறக்கிக் குறுக்குவழி தேடினால் வரவேற்பு நன்றாக இருக்காது. சிறுநீர் கழிக்கப் புதருக்குள் நுழைவதிலும் ஓர் ஆபத்து: மூன்று மூன்று இலையாகப் படர்ந்திருக்கும் பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி. பட்டால் ஓரிரண்டு வாரத்துக்கு அரிப்பு, எங்கே அரிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி குளிக்கும்போது உண்ணி ஏறியிருக்கிறதா என்று முழங்காலுக்குப் பின்புறம் தடவிப் பார்ப்பது நல்லது.

ஒரு பக்கம் மட்டும் ஓட்டிவிட்டு ரயிலில் திரும்பலாம் என்பது நல்ல யோசனைதான். செடாலியா, ஜெஃபர்சன் சிட்டி, ஹெர்மன், வாஷிங்டன் நான்கிலும் ஆம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் நிற்கிறது. ஆனால் ஆளுக்கு டிக்கெட் எடுத்தால் சைக்கிளுக்கும் இடம் கிடைத்ததாக ஆகாது. அதற்குத் தனியாகப் பதிய வேண்டும், இடமும் சொற்பம். அகஸ்டாவில் திராட்சைத் தோட்டம் பார்க்கத் திட்டமிருந்தால், ஊர் மேட்டின் மேல் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 240 மைலில் காணாத ஏற்றத்தை அங்கே காண்பீர்கள். ஒயின் குடித்துவிட்டு அதே சரிவில் இறங்குவது புத்திசாலித்தனமல்ல.

இன்னொன்று, ரோச்போர்ட்டின் பழைய ரயில் சுரங்கப்பாதை. 1893இல் கட்டியது, 243 அடி. மொத்தப் பாதையிலும் இருக்கிற ஒரே சுரங்கம். வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் இருட்டிவிடும். கறுப்புக் கண்ணாடியை வாசலிலேயே கழற்றிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, மணியை அடித்துக்கொண்டே போங்கள். உள்ளே நடுவழியில் யாராவது குழந்தையை நிறுத்தி வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.