பழைய ஹாலிவுட்டின் டாம்பாய் கதாநாயகிகளை ஊன்றிப் பார்க்க

டாம்பாய் என்றால் பையனைப்போல உடுத்தி, பையனைப்போல நடந்துகொள்ளும் பெண். அப்படியொரு கதாநாயகியைப் பார்க்கும்போது, முதலில் படம் வெளியான ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று சொல்லும் ஹாலிவுட்டின் தயாரிப்பு விதிகள் 1930இல் எழுதப்பட்டாலும், தணிக்கை அலுவலகத் தலைவர் ஜோசப் பிரீன் கையில் அவை கறாரானது 1934 நடுவில்தான். 'மொராக்கோ'வில் (1930) மார்லின் டீட்ரிஷ், ஆண்கள் அணியும் கோட்டும் உயரத் தொப்பியுமாக வந்து ஒரு பெண்ணின் உதட்டில் முத்தமிடுகிறார். பிற்காலப் படங்களில் இதே துணிச்சலை நடையிலும் நகைச்சுவையிலும்தான் தேட வேண்டியிருக்கும்.

டீட்ரிஷ் அங்கே மேடைக் கவர்ச்சிக்காக ஆணுடை போடுகிறார். அதை டாம்பாய் கணக்கில் சேர்த்தால் குழப்பம்தான். டாம்பாய்க்கு உடை அன்றாடப் பிழைப்போடு ஒட்டியது: குதிரை, துப்பாக்கி, கால் அகட்டி உட்காருவது.

படத்தை இரண்டு முறை பாருங்கள். முதல்முறை நிறுத்தாமல். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு, நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்திகளாகப் பிரியுங்கள்: கதாநாயகியின் உடை, உடல்மொழி, திறமை, அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள். ஒவ்வொன்றும் மாறும் நிமிடத்தை எழுதுங்கள். நான்கும் ஒன்றாக மாறுவதில்லை. கவனிக்க வேண்டியதே அந்த இடைவெளியைத்தான்.

பழக 'கலாமிட்டி ஜேன்' (1953) அருமையான படம். தோலுடையில் வரும் டோரிஸ் டேயின் குடிசையைக் கேட்டி என்ற பெண் பாடிக்கொண்டே சீராக்குகிறாள். கதவில் இருவர் பெயரும் ஏறுகிறது. அவரைப் பாவாடைக்கு இழுப்பது ஆண் அல்ல, கூட வாழ வந்த தோழி! பிறகு நடன விருந்துக்குக் கவுன் அணிகிறார். ஆனால் ஆஸ்கர் வென்ற 'சீக்ரெட் லவ்' பாடலுக்கு மறுபடி கால்சட்டைதான். கடைசியில் திருமண உடைக்குள்ளும் துப்பாக்கி இருக்கிறது. உடைப் பத்தி மாறியும் திறமைப் பத்தி அப்படியே நிற்கிறது.

'ஆனி கெட் யுவர் கன்' (1950) இதற்கு நேர்மாறு. காதலனுக்காக பெட்டி ஹட்டன் துப்பாக்கிப் போட்டியில் வேண்டுமென்றே தோற்கிறார். இங்கே பறிபோவது திறமை, அதனால்தான் இந்த முடிவு அதிகம் உறுத்துகிறது.

பலர் தவறுவது கடைசிப் பத்து நிமிடத்தில். கல்யாணத்தில் முடிந்ததால் படமே அடங்கிப்போனது என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். அந்த முடிவு அன்றைய வழக்கம். அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தையும் எடைபோடுங்கள். நடிகையின் சொந்த வாழ்க்கையைப் பாத்திரத்தின் மேல் ஏற்றுவதும் தவறு. சான்று திரையில் இருக்க வேண்டும்.

அடுத்து 'சில்வியா ஸ்கார்லெட்'டை (1935) எடுங்கள். பின்னலை வெட்டிப் பையனாகும் கேத்தரின் ஹெப்பர்னைப் பணிப்பெண்ணும் விரும்புகிறாள், ஓவியனும் தடுமாறுகிறான். இதில் நாலாவது பத்தியில் சிரிப்பவர்களோடு விரும்புபவர்களையும் தடுமாறுபவர்களையும் சேர்த்து, அதை மட்டும் நிரப்பினாலே போதும்.