மூத்த பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல், மடியில் பச்சைக் குழந்தை: வீட்டில் செய்ய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்துக்கொண்டால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எந்தப் பால்வாடியிலும் நாலு பிள்ளைக்காவது மூக்கு ஒழுகும். இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணுக்கு இது கஷ்டமான நேரம். "பெரியவனைக் கொண்டுபோய் அவங்க அப்பாயி வீட்டுல விட்டுரு" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம். இருமல் நமக்குத் தெரிவதற்கு முன்பே கிருமி பரவத் தொடங்கியிருக்கும். காய்ச்சலோடு கிடக்கிற பிள்ளைக்கும் அம்மா கண்ணெதிரே இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே சமாளிக்க வழி இருக்கிறது.

1. ஆளைப் பிரித்துவிடுங்கள்

ஒரு கூடம், ஓர் அறை உள்ள வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? ஆனால் வேலையைப் பிரிக்கலாம். பெரியவனுக்குச் சோறூட்ட, மூக்குத் துடைக்க, மருந்து கொடுக்க, ராத்திரி பக்கத்தில் படுக்க ஒரே ஆள். குழந்தையைத் தூக்க, குளிப்பாட்ட வேறு ஆள். அம்மாச்சிதான் குளிப்பாட்டுவார் என்றால் பெரியவன் அப்பா பொறுப்பு. உதவிக்கு ஆளே இல்லாத வீட்டில், முதலில் குழந்தையின் வேலையை முடித்துவிட்டுப் பிறகு பெரியவனிடம் போங்கள். திரும்பக் குழந்தையிடம் வருமுன் கை கழுவுங்கள்.

2. கையும் முந்தானையும்

சோப்புப் போட்டு 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் மூன்றும் விடுபடக்கூடாது. சோப்பை அடுப்படியில் மட்டும் வைக்காமல் குழந்தை படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள குழாயடியிலும் ஒன்று வையுங்கள். எதிரே இருந்தால்தான் கை போகும்.

பலரும் கவனிக்காதது முந்தானை. ஓடிவந்து நிற்கிற பெரியவனின் மூக்கை எந்த அம்மாவும் சட்டென்று முந்தானையால்தான் துடைப்பார். அடுத்த பத்தாவது நிமிடம் அதே முந்தானையைப் போர்த்திக் குழந்தைக்குப் பால் கொடுப்பார். நைட்டி என்றால் அதன் தோள்பட்டை. பெரியவன் முகம் புதைத்து அழுத அதே தோளில் குழந்தையைச் சாய்த்து ஏப்பம் விடவைப்போம். ஆகவே குழந்தைக்கென்று நாலைந்து பழைய வேட்டித் துண்டுகளைத் துவைத்து வைத்துக்கொண்டு, தூக்கும்போதெல்லாம் தோளில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மழையில் துணி காயவில்லை என்றால் இஸ்திரி போட்டாவது ஈரம் போக்கிவிடுங்கள்.

தூளியையும் பாருங்கள். குழந்தையைத் தூக்கியதும் பெரியவன் அதில் ஏறிப் படுத்துக்கொள்வான். அவனுக்குத் தனியாக ஒரு தூளி கட்டிவிட்டால் சண்டையே இல்லை.

3. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்

உங்களுக்கே சளி பிடித்தாலும் கொடுங்கள். உங்கள் உடம்பு அந்தக் கிருமிக்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் பால் வழியாகக் குழந்தைக்குப் போகிறது. முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டுக் கொடுத்தால் போதும். தேன், உரைமருந்து, ஓமத்தண்ணீர் எதுவும் வேண்டாம். கற்பூரம் கலந்த தைலத்தைக் குழந்தையின் நெஞ்சிலோ மூக்கிலோ தடவவே கூடாது.

4. காற்று வரட்டும்

சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாம்பிராணிப் புகை பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. பெரியவர்கள் மனம் வருந்துவார்கள்தான், பக்குவமாகச் சொல்லுங்கள். பெயர் வைக்கிற விசேஷத்தையும் பெரியவன் தேறும்வரை தள்ளிப்போடலாம்.

5. பெரியவனை விரட்டாதீர்கள்

"கிட்ட வராதே" என்றே கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை ஏங்கிப்போகும். முகத்தில் முத்தம் வேண்டாம், கை கழுவிவிட்டுப் பாதத்தைத் தொடலாம் என்று சொல்லிக்கொடுங்கள். முழங்கை மடிப்பில் இருமப் பழக்குங்கள். தம்ளர், துண்டு தனி.

6. சில நோய்களுக்கு வீட்டு ஏற்பாடு போதாது

பெரியவன் விடாமல் இருமி, முடிவில் கூவுவதுபோல் மூச்சை இழுக்கிறான் என்றால் கக்குவான் இருமலாக இருக்கலாம். அதற்கான தடுப்பூசியின் முதல் தவணையே ஒன்றரை மாதத்தில்தான். அதற்கு முன் குழந்தைக்கு வந்தால் இருமல்கூட இல்லாமல் மூச்சு நின்றுபோகலாம். அன்றைக்கே இரண்டு பிள்ளைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். சின்னம்மை போட்டிருந்தால் வேப்பிலை கட்டியதோடு விடாதீர்கள். உங்களுக்கு முன்பு அம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போட்டதில்லை என்றால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் சானிடைசரை நம்பாமல் சோப்பும் தண்ணீரும்தான்.

7. ஆஸ்பத்திரிக்கு எப்போது

பச்சைக் குழந்தைக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: பால் குடிக்க மறுப்பது அல்லது உறிஞ்சத் தெம்பில்லாதது, அக்குளில் வைத்துப் பார்த்தால் 99.5 ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், உடம்பு ஜில்லிட்டுப்போவது, நிமிடத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல், மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, வலிப்பு, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, உதடு நீலம் பாய்வது. மூச்சைக் குழந்தை அமைதியாக இருக்கும்போது, சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவனின் காய்ச்சல் மருந்தில் ஒரு சொட்டுகூட நீங்களாகக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

சந்தேகமாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிடலாம், 104-இல் ஆலோசனை கேட்கலாம். மேலே சொன்ன அறிகுறி இருந்தால் நேரே 108. தஞ்சாவூர்ப் பக்கத்தவர்களுக்கு ராஜா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது. கிளம்பும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவனுக்கு என்ன உடம்பு, என்றைக்கு ஆரம்பித்தது என்பதை டாக்டர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். குழந்தையை மார்போடு அணைத்து, தலையை மூடி, முகத்தை மட்டும் திறந்து விட்டுக் கொண்டுபோங்கள்.