செயின் சா பல்லுக்கு அரம் போட்டும் அறுக்கவில்லையா? ரேக்கரைப் பாருங்கள்

அழுத்தினால்தான் மிஷின் இறங்குகிறது. வெட்டும் இடத்தில் புகை வருகிறது. கீழே மாவு போலத் தூள் கொட்டுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் இன்ஜினில் கோளாறு தேடாதீர்கள், செயின் மழுங்கிவிட்டது. கூராக இருக்கும் செயின் மிஷினின் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். தூளுக்குப் பதில் சீவல் சீவலாகத் தள்ளும்.

ஸ்டார்ட் செய்வதும் செயின் மாட்டுவதும் மிஷினோடு வரும் கையேட்டில் படத்தோடு இருக்கும். அதனால் நேராக அரம் போடுவதற்கு வருகிறேன்.

எந்த அரம்?

செயினின் பிட்சைப் (கண்ணிகளின் இடைவெளி, இன்ச் கணக்கில்) பொறுத்து அரத்தின் தடிமன் மாறும். பிட்ச் எண்ணை பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) அடிப்பகுதியில் அடித்திருப்பார்கள். நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் 58 சிசி மிஷின்களில் பெரும்பாலும் .325 பிட்ச் செயின்தான் வரும். அதற்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். சின்ன மிஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ. பெரிய 3/8 செயினுக்கு கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. அளவு மாறினால் பல்லின் வளைவு கெட்டுவிடும். தடித்த அரம் முனையை மொட்டையாக்கும். மெலிந்த அரம் கீழே குடைந்து முனையை ஊசியாக்கும், அப்படித் தீட்டிய பல் கொஞ்ச நேரத்திலேயே மழுங்கும்.

புதுச் செயின் வாங்கும்போது 'இருபது இன்ச்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பாரின் காடிக்குள் ஓடும் டிரைவ் லிங்க்குகளை எண்ணிச் சொல்லுங்கள். 58 சிசி மிஷினின் 20 இன்ச் பாருக்குப் பொதுவாக 76, 22 இன்ச்சுக்கு 86.

அரத்தை வெறுங்கையில் பிடிப்பதைவிட, கோணக் கோடு போட்ட தகடு கைடோடு பிடிப்பது புதியவர்களுக்கு நல்லது. 12 வோல்ட் கிரைண்டர் வேகமாக வேலை செய்யும்தான். ஆனால் கொஞ்சம் அதிகம் அழுத்தினாலும் பல் சூடேறி நீலம் பூத்துவிடும். அந்த இடத்தில் பிறகு அரமே ஏறாது. முதல் ஒரு வருடமாவது கை அரம்தான் என் சிபாரிசு.

அரம் போடும் முறை

முதலில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். செயினில் ஒட்டிய பிசினையும் தூளையும் பழைய பிரஷால் துடைத்துவிட்டு பாரை வைஸில் இறுக்குங்கள். தோப்பில் வைஸ் ஏது? ஒரு அடிக்கட்டையில் பாரின் அகலத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு, பாரை அதில் செருகினால் போதும். பல் ஆடாமலிருக்க செயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கிவிட்டு, செயின் பிரேக்கைப் போடுங்கள்.

இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி மார்க்கரால் குறியிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாப் பற்களும் அந்த நீளத்துக்கு வர வேண்டும். கைடில் உள்ள 30 டிகிரி கோடு பாருக்கு இணையாக இருக்கட்டும் (சில செயின்களுக்கு 25, டப்பாவில் பாருங்கள்). அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் தள்ளுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள், இழுத்தால் அரம்தான் தேயும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கத்துப் பற்கள் முடிந்ததும் நீங்கள் மறுபக்கம் போய் நின்று மீதியைப் போடுங்கள்.

எப்போது நிறுத்துவது? முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு மினுங்கினால் அங்கே இன்னும் மொட்டை இருக்கிறது. கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, கோடு முழுக்க மறைந்துவிடும். பல்லின் மேல் பளபளவென்று இருப்பது குரோம் பூச்சு. ஆணியில் பட்டு அது முனையில் சிதைந்திருந்தால், முழுப் பூச்சு முனைக்கு வரும்வரை பின்னால் தேய்த்தாக வேண்டும். சாலையோரப் புளி, வேம்பில் விளம்பரத் தட்டி அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். அறுக்கும் முன் கையால் தடவிப் பார்ப்பது நல்லது.

பலர் விட்டுவிடும் இடம்: ரேக்கர்

பல் கூர், முனையில் வெள்ளைக் கோடு இல்லை, ஆனாலும் மிஷின் மரத்தின் மேல் வழுக்குகிறது. 'செயின் போலி' என்று தூக்கி எறிவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சுறாத் துடுப்பு போல ஒரு மேடு இருக்கும். அதுதான் ரேக்கர். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல்லின் மேல்தட்டு பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது. அதனால் அரம் போட்டுப் பல் குட்டையாகக் குட்டையாக முனையின் உயரமும் குறைந்துகொண்டே வரும். ரேக்கரோ அதே உயரத்தில் நிற்கும். ஒரு கட்டத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அப்போது ரேக்கர் மரத்தில் உரசி ஓடும், பல்லுக்குக் கடிக்க மரமே எட்டாது.

பல் முனைக்கும் ரேக்கருக்கும் இடையே 0.65 மி.மீ. உயர வித்தியாசம் இருக்க வேண்டும். .325, 3/8 இரண்டுக்கும் பொதுவாக இதே அளவுதான். கண் மதிப்பில் இதைச் செய்யாதீர்கள். டெப்த் கேஜ் என்று ஒரு சின்னத் தகடு விற்கிறது. அதைச் செயின்மேல் வைத்தால் அதிகமாக இருக்கும் ரேக்கரின் தலை தகட்டின் துளை வழியே வெளியே நீட்டும். நீட்டியதை மட்டும் தட்டை அரத்தால் தேய்த்துவிடுங்கள். தேய்த்ததும் ரேக்கரின் முன்மூலை கூராகிவிடும். அதை மறுபடி உருட்டிவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மரத்தில் இடித்துக்கொண்டே ஓடும். பல்லுக்கு மூன்று நான்கு முறை அரம் போட்டால் ஒருமுறை ரேக்கரை அளக்க வேண்டும்.

'இன்னும் கொஞ்சம் இறக்கினால் இன்னும் வேகமாக அறுக்குமே' என்று ஆசைப்படுவது ஆபத்து. பல் அளவுக்கு மீறிக் கடித்தால் மிஷின் குதிக்கும், செயின் மரத்தில் மாட்டி நிற்கும், கிளட்ச் கருகும். முகத்தை நோக்கி எகிறும் கிக்பேக்கும் அதிகமாகும்.

வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால் ஒரு பக்கத்துப் பற்கள் மறுபக்கத்தைவிட நீளமாகவோ கூராகவோ இருக்கின்றன என்று அர்த்தம். நமக்கு ஒரு கை பலமாகத் தள்ளும் என்பதால் இது அடிக்கடி நடக்கும். பற்களைச் சமமாக்கிய பிறகும் வளைந்தால் பாரைப் பாருங்கள். அதன் ஒரு விளிம்பு தேய்ந்து தாழ்ந்திருக்கும்.

பார், ஆயில், பெட்ரோல்

செயினைக் கழற்றும்போதெல்லாம் பாரின் காடியையும் அடியிலுள்ள ஆயில் துளையையும் கம்பியால் சுரண்டுங்கள். அடைத்திருந்தால் ஆயில் ஊற்றியும் பயனில்லை. பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பார் நுனியை ஒரு வெள்ளை அட்டைக்கு நேரே கொஞ்ச தூரத்தில் நீட்டி ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். பெட்ரோல் டேங்க் தீரும்போது செயின் ஆயில் டேங்கும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். வண்டியில் இறக்கிய கழிவு ஆயில் வேண்டாம். அதிலுள்ள இரும்புத்தூள் பம்பையும் பாரையும் தின்றுவிடும்.

செயின் இறுக்கத்தைச் செயின் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். பார் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். செயின் பாரின் அடியில் தொங்கக் கூடாது. பிரேக்கை எடுத்துவிட்டுக் கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கி பாரையும் கிராங்க்கையும் இழுக்கும்.

கலவை 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில், 25:1 என்றால் 40 மி.லி. உங்கள் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள், தோராயமாக ஊற்றாதீர்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். சில வாரம் மிஷினைத் தொடப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டர் டயாஃப்ரம் விறைத்துப்போகும்.

கிளையை எங்கே வெட்டுவது

பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் பாதியிலேயே முறிந்து அடிமரத்துப் பட்டையை உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டாகப் போடுங்கள். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கீழிருந்து கிளைத் தடிமனில் கால் பங்கு முதல் வெட்டு. அதற்கும் மூன்று நான்கு செ.மீ. வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு. இதில் கிளை விழுந்துவிடும், உரியும் பட்டை முதல் வெட்டோடு நின்றுவிடும். மிஞ்சிய முண்டை மூன்றாவது வெட்டில் எடுங்கள்.

மூன்றாவது வெட்டின் இடம் முக்கியம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் பட்டை வளையமாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பை விட்டுவிட்டு, அதை ஒட்டி வெளியே வெட்டுங்கள். மரம் காயத்தை மூடத் தொடங்குவது அங்கிருந்துதான். அடிமரத்தோடு மழமழவென்று சீவுவதுதான் சரி என்று நீண்டகாலம் நம்பினார்கள். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களைப் பிளந்து பார்த்து, அப்படிச் சீவினால் அழுகல் அடிமரத்துக்குள் பரவுகிறது என்று காட்டினார். முண்டு விட்டு வெட்டுவதும் தவறுதான். அது காய்ந்து அழுகலுக்கு வழிவிடும். வெட்டுவாயில் பெயின்ட் பூசினால் காயம் சீக்கிரம் ஆறிவிடாது.

பார் நுனியின் மேல்பாதி எதிலும் பட விடாதீர்கள், கிக்பேக் அங்கிருந்துதான் வரும். இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி இருக்கட்டும். தோளுக்கு மேலே தூக்கியோ ஏணியில் நின்றோ செயின் சா ஓட்டவே கூடாது. மின்கம்பி அருகில் என்றால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வேலை.

பிற்சேர்க்கை: தென்னை

'புதுச் செயின், தென்னையில் ஒரே நாளில் மழுங்கிவிட்டது' என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தென்னையின் வெளிப்பகுதி நெருக்கமான நாரும் சிலிக்காவும் கொண்டது, பல்லை வேகமாகத் தேய்க்கும். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தோப்புகளைச் சாய்த்தது போல மரம் மண்ணில் கிடந்தால் இன்னும் மோசம். பட்டையில் ஒட்டிய மணலில் செயின் ஒரு நொடி பட்டாலே கூர் போய்விடும். வெட்டும் இடத்தை முதலில் அரிவாளால் செதுக்கிச் சுத்தம் செய்யுங்கள். மரத்தடியில் கட்டை கொடுத்துத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். தூக்க முடியாவிட்டால் மேலிருந்து முக்கால் பங்கு அறுத்து, மரத்தை உருட்டி மீதியை மறுபடி மேலிருந்தே முடியுங்கள். தென்னை வேலைக்குப் போகும்போது தீட்டிய செயின் இரண்டு கையில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு தள்ளு அரம் போட்டுக்கொள்ளுங்கள்.