இரு திரவங்களின் எல்லையில் உருவாகும் படலம்: கெடுவது எங்கே?

நீரில் கரைத்த அமீனும் நீரோடு கலக்காத ஹெக்சேனில் கரைத்த அமிலக் குளோரைடும் தொட்டுக்கொள்ளும் எல்லையில், சில நொடிகளுக்குள் பாலாடை போலப் பாலிஅமைடு என்ற நெகிழிப் படலம் படர்ந்துவிடுகிறது. 1970களின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் ஜான் கேடோட் வகுத்த இத்தகைய சேர்க்கையில்தான், இன்று உவர்நீர்க் கிணறுகள் உள்ள நம் கடலோர ஊர்கள்வரை வந்துவிட்ட உப்பைத் தடுத்து நீரை விடும் ஆர்.ஓ. சவ்வுகளில் பெரும்பாலானவை செய்யப்படுகின்றன. பாளையங்கோட்டையில் முதுகலை மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டி வரும் நான் கண்டவரையில், படலம் கெடுவது பெரும்பாலும் திரவங்கள் சந்திப்பதற்கு முன்பேதான்.

படலத்தைத் தாங்கும் நுண்துளை நெகிழியான பாலிசல்ஃபோன் தாளை, மெட்டா-ஃபினைலின்டையமின் என்ற அமீனின் 2 சதவீத நீர்க்கரைசலில் ஊறவைத்து எடுத்தபின், துளைகளுக்குள் கரைசல் நிற்க வேண்டும். மேற்பரப்பில் ஒரு துளியும் நிற்கக் கூடாது. துளி நின்றால் படலம் அதன்மேல் உருவாகி, தாளோடு ஒட்டாமல் உரிந்து, உப்பு நேராகக் கடந்துபோக வழிவிடும். இதற்கு அஞ்சி மின்விசிறிக்கடியில் காயவைப்பதும் தவறு. சித்திரை மாதத்து வறண்ட காற்றில் துளைகளே வற்றிவிட, அங்கே வினைபுரிய அமீன் இருக்காது. ரப்பர் உருளையைச் சீரான அழுத்தத்தில் உருட்டி, ஈரப் பளபளப்பு மறைந்ததும் நிறுத்துவதே முறை. தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும், கரைசலுக்கு அயனி நீக்கிய நீரே வேண்டும். அமீன் காற்றுப்பட்டுப் பழுப்பேறுமாதலால் அன்றன்றே கரைத்துக்கொள்ள வேண்டும்.

ஹெக்சேனில் கரைக்கும் அமிலக் குளோரைடான டிரைமெசோயில் குளோரைடு ஏறத்தாழ 35 டிகிரியில் உருகும் பொருள் என்பதால், நம் கோடையில் புட்டிக்குள் அது திரவமாகக் கிடந்தால் கெட்டுவிட்டதாகப் பொருளில்லை. கெடுப்பது ஈரம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை அறை வெப்பநிலைக்கு வருமுன் திறந்தால், அதுவும் ஐப்பசி அடைமழையில் திறந்தால், காற்றின் ஈரம் உள்ளே படிந்து குளோரைடை டிரைமெசிக் அமிலமாக்கிவிடும். ஹெக்சேனில் கரையாமல் அடியில் தங்கும் வெண்பொடி அதற்கு அடையாளம். அதை வடிகட்டிவிட்டுத் தொடர்பவர்கள், கரைசலில் குளோரைடின் அளவென்று ஏட்டில் எழுதிய 0.1 சதவீதம் பொய்யாகிவிட்டதை மறந்துவிடுகிறார்கள்.

அமீன் ஊறிய தாளின்மேல் ஹெக்சேன் கரைசலை விட்டுவைக்கும் நேரத்தைக் கூட்டினால் படலம் தடிக்கும் என்பது இன்னொரு மயக்கம். அமீன்தான் எல்லை தாண்டி ஹெக்சேன் பக்கம் சென்று வினைபுரிகிறது. ஆகவே முதலில் உருவான படலமே பின்வரும் அமீனுக்குத் தடையாகிறது. ஒரு நிமிடத்தில் கிடைக்கும் 100 முதல் 200 நானோமீட்டர் தடிமன், ஐந்து நிமிடத்தில் ஐந்து மடங்காகாது. இதேபோல் இரு திரவங்களின் எல்லையிலிருந்து நைலானை இழுத்தெடுக்கும் நைலான் கயிற்றுச் சோதனையில் இழை நீண்டுகொண்டே வருவது, படலத்தை இழுத்து எல்லையைப் புதுப்பிப்பதால்தான்.

ஹெக்சேன் வடிந்து ஆவியாகுமுன் தாளைச் சூட்டடுப்பில் வைக்கவே கூடாது. 69 டிகிரியில் கொதிக்கும் அதன் ஆவி சிறு பொறிக்கும் பற்றும். பிறகும் 80 டிகிரியில் சில நிமிடங்கள் போதும். கூடுதலாக விட்டால் பாலிசல்ஃபோன் துளைகள் வறண்டு சுருங்கி நீரோட்டம் குறையுமாதலால், எடுத்தவுடன் தூய நீரில் இட்டு, சோதிக்கும் நாள்வரை காயவிடாமல் வைத்திருக்க வேண்டும்.